ஞாயிற்றுக்கிழமை வண்டி

“ஓய் சிவசங்கரன், உம்ம வண்டிக்கு உசிலம்பட்டி ரோட்டில் என்ன ஜோலி?”

கோர்ட்டு வாசலில் வைத்துக் கேட்டார் சக வக்கீல் சொக்கநாதன். அவர் ரகசியம் பேசினாலே நாலு பேருக்குக் கேட்கும்.

“என் வண்டியா? அது ஷெட்டில் நிற்கிறது.”

“செவப்பு டூ-ஸீட்டர் மதுரையில் வேறே யாரிடம் இருக்கு? நேத்து, புதன்கிழமை, செக்கானூரணி தாண்டி ஒரு நொடி பார்த்தேன். உம்ம டிரைவர் விருமாண்டி, கூட முக்காடு போட்ட ஒரு பொம்பளை. அவ சிரிச்ச சிரிப்பு என் பஸ்ஸுக்குள்ளே கேட்டுது!”

சிவசங்கரனின் முகம் வண்டி நிறத்துக்கு வந்துவிட்டது.

எட்டு வருஷமாக அந்த வண்டியை அவர் வளர்த்த சீரைப் பார்த்தால் பெற்ற பிள்ளைகூடப் பொறாமைப்படும். ரேடியேட்டருக்கு மழைத் தண்ணீர்தான். பெட்ரோல் மான்தோலில் வடிகட்டித்தான் உள்ளே போகும். கோர்ட்டுப் புழுதி வண்டிக்கு ஆகாது என்று அவரே ஜட்காவில் போய் வருவார். வார நாளில் வண்டியை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி ஷெட்டில் விடுவதுதான் விருமாண்டியின் உத்தியோகம். ஞாயிறு காலை மட்டும் தாமே துடைத்து, தாமே மேலூர் வரை ஓட்டிவிட்டு வருவார். அன்றைக்கு மட்டும் மனிதர் முகத்தில் கடுகடுப்பு இராது.

மூன்று மாதமாக இடது மட்கார்டில் கீறல் மேல் கீறல்.

“வாசல் கேட்டுத் தூணுல நீங்கதான்யா உரசிட்டீங்க” என்று விருமாண்டி ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

“ஏன், எனக்கென்ன பொட்டைக் கண்ணா?” என்று எரிந்து விழுந்தார். கீறல் அவன் கணக்கில் சேர்ந்தது.

இப்போது இது வேறா!

வீட்டுக்கு வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போனார். ஸீட்டுக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி கிடைத்தது.

“யாருடா அவ?”

விருமாண்டி ஊசியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“வண்டியைக் கொண்டுபோனது நெசந்தான்யா. யாருன்னு மட்டும் கேக்காதீங்க. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“என் வண்டியை எடுத்துக்கிட்டு உன் வாக்கைக் குடுத்தியா?”

“அம்மா ஊருலேருந்து வரட்டும்யா...”

அவர் மனைவி பாகீரதி அன்று காலைதான் அண்ணன் வீட்டு வளைகாப்புக்குத் திருவாதவூர் போயிருந்தாள்.

“அம்மாவைச் சிபாரிசுக்கு இழுக்கிறியா? வெளியே போடா!”

போகிற போக்கில் விருமாண்டி துண்டு நுனியால் ஹெட்லைட்டை ஒரு தடவை துடைத்தான். அது பழக்கம். அதற்கும் ஒரு திட்டு வாங்கினான்.

ஆளைத் துரத்தியும் ஆத்திரம் அடங்கவில்லை. எவளோ ஏறிச் சிரித்த வண்டி. கோர்ட்டில் நாலு பேர் வாயில் விழுந்த வண்டி. தேவகோட்டைச் செட்டியார் ஒருவர் ரங்கூனுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டு ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தந்தி பறந்தது. சனிக்கிழமை வந்தார், ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை பாகீரதி வந்து இறங்கினாள். ஷெட் ஓவென்று கிடந்தது.

“வண்டி எங்கே?”

“வித்தாச்சு. இந்நேரம் கப்பல்ல ஏறியிருக்கும்.”

பாகீரதி கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

“விருமாண்டி?”

“துரத்திட்டேன். எவளையோ ஏத்திக்கிட்டு ஊர் சுத்தியிருக்கான் படுபாவி. இதோ பார் அத்தாட்சி.”

ஊசியைப் பார்த்தாள். தன் கொண்டையிலிருந்து ஒன்றை உருவி அதன் பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கிடந்தன.

“அந்த வண்டியில எத்தனை மரையாணின்னு கேட்டாச் சொல்வீங்க. பெண்டாட்டி ஊசி எதுன்னு தெரியலை.”

“நீயா!” சிவசங்கரன் இரண்டு ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். “அவன்கூட எங்கே போனே? யாரைப் பார்க்க?”

“யாரைப் பார்க்கவும் போகலை. வண்டி ஓட்டப் பழகினேன். ஓட்டினது நான். அவன் பக்கத்துல உக்காந்து ‘கருப்பா, கருப்பா’ன்னு சாமியைக் கூப்பிட்டுக்கிட்டே வருவான். எனக்குச் சிரிப்பு தாங்காது.”

“என்கிட்டே கேட்டா நான் சொல்லித்தர மாட்டேனா?”

“மாட்டீங்க.”



“சரி, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

பாகீரதி அவர் கண்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஆடி மாசம் கண்ணாடி மாத்தப் போனோமே, டாக்டர் உங்களை வெளியே இருக்கச் சொல்லிட்டு என்னைக் கூப்பிட்டாரில்லையா? கண்ணாடியால தீராதாம். ஓரத்துப் பார்வை ஏற்கெனவே போயிடுச்சாம். மிச்சமும் ஒரு வருஷம் தாங்கினா அதிகம்னார். உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். நாளைக்கு இருட்டப்போறதுக்கு இன்னிக்கே எதுக்கு அழணும்?”

சிவசங்கரன் அவளையே பார்த்தார். முகம் தெரிந்தது. கையில் தொங்கிய பை தெரியவில்லை.

“கண்ணு போனாலும் உங்க ஞாயித்துக்கிழமை போகக்கூடாதுன்னு நெனச்சேன்” என்றாள் பாகீரதி. “போன புதன்கிழமைதான் விருமாண்டி வாயைத் திறந்து சொன்னான், ‘இனிமே பயமில்லம்மா, ஐயாவைப் பக்கத்துல உக்கார வச்சே ஓட்டலாம்’னு.”