தாராள வட்டம்

மைதானத்தின் மூலையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குள் நின்று யாரும் எதையும் பேசலாம் என்று அரசு ஆணை. கல்லூரியில் காலமெல்லாம் தாராளவாதப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற சபாநடேசனுக்கு முதல் நாள் கண் கலங்கிவிட்டது. காவலர் எபனேசர் சல்யூட் அடித்து, "தாராளமா பேசுங்க சார்" என்றார்.

தினமும் காலையில் எபனேசர் வட்டத்தைப் புதுப்பிப்பார். தினமும் அது ஒரு விரற்கடை சுருங்கியது. சபாநடேசன் கையை வீசிப் பேசுவதை விட்டார். பிறகு கால்களை ஒட்டிவைத்து நிற்கப் பழகினார். பேச்சு மட்டும் குறையவில்லை. தனிமனிதனின் எல்லைக்குள் அரசு நுழையக் கூடாது என்று முழங்கினார்.

ஒரு நாள் விடிய விடிய மழை. காலையில் வட்டம் இல்லை; மைதானம் முழுக்க வெறும் ஈரமண். சபாநடேசன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, காலடியைச் சுற்றித் தேடினார்.

"என்ன சார் நிக்கிறீங்க? தாராளமா பேசுங்க."

"கோடு எங்கப்பா?"

"தூளு நனஞ்சு போச்சு சார். இன்னைக்கு எங்க வேணா நின்னு பேசுங்க."

சபாநடேசன் குனிந்து, குடையின் நுனியால் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். நேற்றையதைவிட அது சிறியதாக இருந்தது.