படுத்தே கிடந்த கோடு

"கால்வாய்க்கரை ஜனங்க சம்பளம் இருபது வருஷமா அப்படியேதான் இருக்கு மேடம். பக்கத்துல வசதியான பூங்கா நகரை எட்டிப் பிடிக்கவே இல்லை. அங்கே நாம நடத்துற பள்ளிக்கூடம் வீண்னு அறிக்கை அனுப்பிடவா?"

கணினி முன்னாலிருந்து எழப்போன ஆய்வாளனை, "உட்காருப்பா" என்று தோளில் தட்டினார் அறக்கட்டளைக்குப் புதிதாக வந்திருந்த இயக்குநர். "அங்கே படிச்சுத் தலையெடுத்தவங்க எல்லாம் எங்கே?"

"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. அதே வீட்டுக்கு வேற ஏழைங்க வந்துடுவாங்க."

"அப்போ நீ வீட்டைத்தான் அளந்திருக்கே. ஆளை அளக்கலை."

அவர் அலுவலகக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கால்வாய்க்கரையில பொறந்தவங்க கொஞ்சம் எழுந்திருங்க."

கணக்காளர் தயங்கித் தயங்கி எழுந்தார். அடுத்து துணை இயக்குநர். அப்புறம் நாற்காலிகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன. பாதிக் கூடம் எழுந்து நின்று, "நீங்களுமா!" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது.

ஆய்வாளன் திரும்பித் தன் சம்பள வரைபடத்தைப் பார்த்தான். திரையில் படுத்தே கிடந்த கோடு, கண்ணெதிரே எழுந்து நிற்கிறதே!

"உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லட்டுமா மேடம்?" என்றான்.

"வேண்டாம்ப்பா, நானும் நிக்க வேண்டியவதான்" என்றவர், அவன் காதருகே குனிந்தார்.

"எங்க எதிர்வீட்டுத் தையல்காரர் மகன் நீ, ஏன்ப்பா இன்னும் உட்கார்ந்திருக்கே?"