வீட்டை அறுத்த அன்று

ரம்பம் முதலில் கூரையில் இறங்கியது. உள்ளே நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். மரத்தூள் பானைக்குள் கொட்டியது.

என் தம்பி ஹால்வோர் வீட்டை இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தான்.

டகோட்டாவில் அவன் நிலமும் என் நிலமும் ஒட்டிக் கிடக்கின்றன. அவரவர் நிலத்தில் அவரவர் ஐந்து வருஷம் குடியிருந்தால்தான் பட்டா. அதனால் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு பலகை வீட்டைக் கட்டினோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் கட்டில், அந்தப் பக்கம் அவன் கட்டில்.

பட்டா வந்த மறுநாளே ரம்பத்தைத் தூக்கிவிட்டான்.

போன பனிப்புயலில் அவன் காய்ச்சலில் கிடந்தான். எரிக்க முறுக்கி வைத்த வைக்கோல் தீர்ந்துபோனது. நார்வேயிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பூப்போட்ட பெட்டியை உடைத்து அடுப்பில் போட்டேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடையது என்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கண் திறந்ததும், பெட்டி எங்கே என்றான். அன்றிலிருந்து அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை.

இன்னொரு பெட்டி இருந்தால் அதையும் எரிப்பேன்.

"அடுப்பு என் பக்கம் இருக்கு. அங்க போய் என்னத்தத் திங்கப்போற, பனியவா?" என்று கத்தினேன்.

"அம்மா பெட்டிய எரிச்ச அடுப்புல வெந்தது இனிமே எனக்கு வேணாம்!"

மாலைக்குள் அறுத்து முடித்தான். வண்டிக் கித்தானைக் கிழித்துப் பாதியை என் கட்டிலில் எறிந்தான். அதன் மேல் ஆணி டப்பாவை வைத்தான்.

"உன் பக்கத்த நீயே அடைச்சுக்க."

மாடுகளைப் பூட்டினான். உருட்டுக்கட்டைகள் மேல் அவன் பாதி வீடு நகர்ந்தது. அவன் கட்டில், சட்டை மாட்டும் கொக்கி, அவன் சாய்ந்து சாய்ந்து அழுக்கான சுவர், எல்லாம் போயின. அந்த இடத்தில் புல்வெளி வந்து நின்றது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு மனுஷ நடமாட்டம் இல்லை.

தொலையட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

நூற்று அறுபது ஏக்கர் இருக்கிறது அவனுக்கு. கூப்பிடு தூரத்திலேயே நிறுத்திவிட்டான்.

திறந்த பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அதாவது, வடமேற்கைப் பார்த்து. அங்கிருந்துதான் புயல் வரும். இங்கே கோழிக்கூட்டைக்கூட யாரும் அந்தத் திசையில் திறந்து வைப்பதில்லை. மாடுகளை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், வீடு திரும்பிவிடும். இப்போது திருப்புவான், இப்போது திருப்புவான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாடுகளை அவிழ்த்துவிட்டான்.

விளக்கை ஏற்றி உத்தரத்தில் மாட்டினான். என்னைப் பார்க்காத மாதிரி கட்டிலில் உட்கார்ந்தான்.

என் பக்கமும் ஆவென்று திறந்து கிடந்தது. காற்று அடுப்புச் சாம்பலைக் கிளப்பி என் முகத்தில் அடித்தது. கித்தானை விரித்தேன். விரித்தால் அவன் விளக்கு மறைந்தது. மறுபடி மடித்து வைத்தேன். ஆணி டப்பாவைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"டேய்! கித்தான் அடிக்க ஆணி இல்லடா!"

டப்பாவை என் கட்டிலில் வைத்தவன் அவன்தான்.

"காலைல தேடித் தொலைக்கிறேன். இப்பக் கத்தாத, அக்கா!"