மஞ்சள் ஒயர்

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பரணில் கிடந்த கம்ப்யூட்டரைப் பாளையங்கோட்டையில் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் மணிராஜிடம் கொண்டுவந்திருந்தாள் பிரம்மநாயகி. தாமிரபரணி மீன்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேடு அதற்குள் இருந்தது. சமர்ப்பிக்க ஒரு வாரம் இருந்தபோது ஹார்டு டிஸ்க் நின்றுபோனது. பட்டமும் போயிற்று, அதை நம்பிச் சென்னையில் காத்திருந்த வேலையும் போயிற்று.

மணிராஜ் மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"டிஸ்க் எரிஞ்சிட்டுன்னு யாரு சொன்னா, அக்கா? பவர் சப்ளையில பன்னெண்டு வோல்ட் சரியா வருது. டிஸ்குக்குத்தான் போவல. அதைக் கொண்டுபோற மஞ்ச ஒயரை பிளக்குக்கிட்ட வெட்டி, வெளிய தெரியாம உள்ள சொருகி வச்சிருக்காவ."

வேறு ஒயர் கொடுத்ததும் டிஸ்க் சுழன்றது. அவள் எழுதிய அத்தியாயங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

"இதை முன்னாடி யாரு தொறந்தா?" என்று கேட்டான் மணிராஜ்.

"ஒருத்தர்தான். தொறந்து பாத்துட்டு, எரிஞ்சு போச்சுன்னு என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு."

வாசலில் ஸ்கூட்டரில் காத்திருந்த கணவர் சுந்தர் குரல் கொடுத்தார். "நாயகி, அது தேறாதுன்னு அன்னைக்கே சொன்னம்லா. வா, போவோம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"டிஸ்கை மட்டும் கழட்டி எங்கிட்ட குடுப்பா," என்றாள் மணிராஜிடம். "பெட்டியை அவர்கிட்ட குடுத்திரு. நான் பஸ்ல போயிக்கிடுதேன்."