ஆளுக்கு எத்தனை லிட்டர்

"ஒண்டிக்கட்டைப் பொம்பளைக்கு ஒரு நாளைக்கு முந்நூத்திப் பதினெட்டு லிட்டர் தண்ணி எதுக்கு சார்?" என்று ஆரம்பித்துவைத்தார் இரண்டாம் நம்பர் வீட்டு அழகேசன்.

கள்ளிக்குப்பத்தில் அந்த எட்டு வீட்டு அப்பார்ட்மென்ட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில், தூணோரமாக வைத்த டி.வி.யில், ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று வீட்டுக்கு ஒன்றாகக் காட்டும் எட்டு வண்ணப் பட்டைகள். ஆறாம் நம்பர் வீட்டின் சிவப்புப் பட்டை மட்டும் மற்ற ஏழையும் தாண்டி நின்றது.

அது மைதிலியின் வீடு. வாடகைக்குத் தனியாக இருப்பவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்ட் வேலை. மதியத்துக்கு மேல்தான் கிளம்புவாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் உலகநாதனுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மைதிலி மாட்டிக்கொண்டதில் அல்ல, பட்டை இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ஓய்வு பெற்றவர். போர்வெல் வற்ற ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு மீட்டர் போட வைத்தவர் அவர்தான். தினசரிக் கணக்கு தானாகவே அவர் லேப்டாப்புக்கு வந்து சேரும். அதை மாதாமாதம் பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். மற்ற ஏழு வீட்டாரும் கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டு, திறக்காமலே விட்டுவிடுவார்கள்.

வெறும் எண்ணாகக் கொடுத்தால் எவன் படிப்பான்? மூன்று வாரம் யூடியூபைப் பார்த்து, பி.டி.எஃப்.புக்குள்ளேயே அசைந்து கொடுக்கிற வரைபடம் வைக்கக் கற்றுக்கொண்டார். ஒரு பட்டையின் மேல் க்ளிக் செய்தால் அந்த வீட்டின் முப்பது நாள் கணக்கும் தனித்தனியாக விரியும். செல்போனில் மட்டும் அது விரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதனால்தான் லேப்டாப்பை டி.வி.யோடு இணைத்து இந்த ஏற்பாடு.

"மீட்டர்ல தப்பு வர வாய்ப்பே இல்ல. நானே மூணு தடவை செக் பண்ணிட்டேன்," என்றார். "மைதிலி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"என் வீட்ல செலவான தண்ணிதான் சார். இனிமே குறைச்சுக்கறேன்."

"இன்னாம்மா, குறைச்சுக்கறேன்ற," என்று குறுக்கே வந்தார் அழகேசன். "தினம் யாரோ உன் ஊட்டுக்கு வந்து போறாங்கன்னு நான் சொல்றேன். இல்லன்னு சொல்லு, பாப்போம்."

மைதிலி இல்லை என்று சொல்லவில்லை. முகம் சிவந்து, மடியில் இருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, வாயே தொறக்கல. குடும்பம் கீற எடம் சார் இது. இன்னிக்கே அந்த வீட்டு ஓனருக்கு ஃபோன் போட்டு, காலி பண்ணச் சொல்லிடலாம்."

நாலைந்து தலைகள் ஆடின.

"போதும், விட்டுருங்களேன். பாவம் அந்தப் பொண்ணு." பின்வரிசையிலிருந்து உலகநாதனின் மனைவி சொர்ணம்தான் சொன்னாள்.

"இது சங்க விஷயம். நீ சும்மா இரு," என்றார் உலகநாதன்.

சொர்ணம் பேரில் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. அவர் வீட்டில் குளிக்க ஆளுக்கு ஒரு வாளி, அதற்கு மேல் சொட்டுக்கூடக் கிடையாது. தினமும் காலை அவர் சங்க வேலையாக வெளியே போய்த் திரும்புவதற்குள், அந்த ஒரே வாளியில் சொர்ணம் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்பாள். அதை அவர் உதாரணம் காட்டாத கூட்டமே இல்லை.

"அவசரப்பட்டு யாரையும் சொல்லக் கூடாது. ஆதாரத்தைப் பார்ப்போம்," என்று சிவப்புப் பட்டையின் மேல் க்ளிக் செய்தார்.

பட்டை முப்பது நாளாக விரிந்தது. எல்லாம் நெட்டை நெட்டையாக நின்றன. பதினொன்றாம் தேதியிலிருந்து பதினான்கு வரை மட்டும் குட்டை.

"பாத்தீங்களா சார்? அந்த நாலு நாளும் ஆளு ஊர்ல இல்ல போல கீது," என்றார் அழகேசன். இரண்டு பேர் வாய்விட்டே சிரித்தார்கள். மைதிலி எழுந்து போகப் பார்த்தாள்.

"உக்காருங்கம்மா. ஒரு ஒழுங்கான வீடு எப்படி இருக்கும்னு நீங்களும் பார்க்கணும். அதுக்கப்புறம் தீர்மானம் எழுதிக்கலாம்."

கடைசியில் தரையோடு ஒட்டிக் கிடந்த பச்சைப் பட்டை அவர் வீடு. ஆளுக்கு நாற்பத்தாறே லிட்டர். மற்ற எல்லாப் பட்டையையும் க்ளிக் செய்து சரிபார்த்தவர், இதை மட்டும் தொட்டதே இல்லை. ஒழுங்கான வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

க்ளிக் செய்தார்.

இருபத்தாறு நாள் எறும்பு உயரத்தில் இருந்தது. பதினொன்றிலிருந்து பதினான்கு வரை மட்டும் நான்கு நெட்டைப் பச்சைக் கோடுகள்.



"இன்னா சார், உங்க ஊட்லயும் அதே நாலு நாள் கீது?" என்றார் அழகேசன்.

"மீட்டர்ல ஏதோ கோளாறு," என்றார் உலகநாதன். "அந்த நாலு நாளும் நான் கோயம்புத்தூர்ல பொண்ணு வீட்லல்ல இருந்தேன்? ஒரு ஆள் குறைஞ்சா தண்ணி குறையத்தானே வேணும். நீயே சொல்லு சொர்ணம்."

சொர்ணம் எழுந்து முன்னால் வந்தாள். கணவன் பக்கம் போகவில்லை. மைதிலியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீட்டர் சரியாத்தாங்க இருக்கு. இந்தப் பொண்ணு வீட்டுக்குத் தினம் வந்து போற ஆளு நான்தான். நீங்க ஊர்ல இல்லாத அந்த நாலு நாள் மட்டும்தான் நம்ம வீட்லயே குளிச்சேன்."