முப்பத்தோராவது அத்தியாயம்

"இன்னிக்கு என்ன சாக்கு மேடம்? கரண்ட் இல்லையா, கை வலியா?"

செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள் சினேலோ. லாகோஸ் நகரப் பதிப்பகம் ஒன்றில் ஆசிரியர் வேலை அவளுக்கு. எழுத்தாளர் மோரெனிகேயின் வீட்டுக்கு இப்படிப் படையெடுப்பது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே மறந்துவிட்டது.

"கரண்டும் இல்ல, ஜெனரேட்டருக்குப் பெட்ரோலும் இல்ல. எப்படி எழுதறது, நீயே சொல்லு" என்றார் மோரெனிகே, ஊறிய காராமணியைக் கசக்கித் தோல் எடுத்தபடி.

"நம்பாதீங்க ஆன்ட்டி!" உள்ளேயிருந்து வந்தாள் மகள் அயோகா. பத்தொன்பது வயது, வாய் மட்டும் நாற்பது. "நேத்து பூரா கரண்ட் இருந்துச்சு. உட்கார்ந்து சீரியல் பார்த்தாங்க. நடுநடுவுல அழுகை வேற!"

"எழுத்தாளர்னா மனுஷங்களைக் கவனிக்கணும்டி."

"டிவிக்குள்ள இருக்கற மனுஷங்களையா?"

சண்டை போடுவதற்காகவே கிளம்பி வந்திருந்த சினேலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கோபம் நியாயமானதுதான். நாலு வருடமாக மோரெனிகேயின் நாவல் முப்பது அத்தியாயத்தோடு நிற்கிறது. இடிக்குத் தெய்வமான சாங்கோ அதில் லாகோஸ் வீதிகளில் மினி பஸ் ஓட்டுகிறான். ஆற்றுத் தெய்வம் ஓஷுன் சந்தையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஆவி உலகத்திலிருந்து வந்து மனுஷியாகப் பிறந்த ரெமி என்ற பெண்தான் கதாநாயகி. அவளுடைய பழைய தோழிகள் டிராஃபிக் நெரிசலில் வேர்க்கடலை விற்பவர்களாக வந்து, 'நேரமாச்சு, வாடி' என்று கூப்பிடுகிறார்கள். ரெமி போகிறாளா, இருக்கிறாளா? அங்கேதான் பேனா நின்றுவிட்டது.

"எனக்கு மட்டும் காதுல சொல்லும்மா" என்று தாயின் தோளில் தொங்கினாள் அயோகா. "போறாளா, இருக்காளா?"

"எனக்கே தெரியாதே!"

"பொய்! மூஞ்சியப் பாருங்க ஆன்ட்டி."

"முதல்ல இந்தக் காராமணியக் கொண்டுபோய் மில்லுல அரைச்சுட்டு வா. நீ வர்றதுக்குள்ள எழுதிடறேன்."

"இதையேதான் எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்போதும் சொன்னே!" பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சினேலோ குரலை மாற்றினாள்.

"விளையாட்டு போதும் மேடம். இந்த மாசம் கடைசி அத்தியாயம் வரலேன்னா நாவலைத் தூக்கிடுவாங்க. உங்களுக்காகச் சண்டை போட்டதுல என் வேலையும் ஊசலாடுது. ஒரே ஒரு அத்தியாயம். சோம்பலுக்கும் ஒரு அளவு இல்லையா?"

மோரெனிகே கையைத் துடைத்துக்கொண்டார். அலமாரியின் அடி இழுப்பறையைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார்.

முதல் தாளில், 'அத்தியாயம் முப்பத்தொன்று'. ஓரங்கள் பழுத்திருந்தன.

"எழுதி நாலு வருஷமாச்சு."

சினேலோ கடைசித் தாள் வரை புரட்டிப் பார்த்தாள். "அப்ப ஏன் மேடம் இத்தனை நாள்...?"

"அயோகாவுக்கு முன்னாடி எனக்கு மூணு பொண்ணுங்க. ஒருத்தி போன பிறகு ஒருத்தி. யாரும் ஏழு வயசைத் தாண்டல. மூணு பேருக்கும் இடது தோள்ல ஒரே மச்சம். ஆவி உலகத்துக் குழந்தை ஒண்ணுதான் திரும்பத் திரும்பப் பொறந்து, தோழிங்க கூப்பிட்டதும் போயிடுதுன்னு ஊர்ல சொன்னாங்க. நாலாவதா இவ, அதே மச்சத்தோட பிறந்தா." மோரெனிகே வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஏழாவது பிறந்தநாள் அன்னிக்குக் காய்ச்சல். டாக்டர் கையை விரிச்சுட்டார். எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல. பக்கத்துல உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். விடியற வரைக்கும் சொன்னேன்."

"அப்புறம்?"

"கட்டிலோரமா, யாருமில்லாத இடத்தைப் பார்த்து அவ சொன்னா: 'நீங்க போங்கடி. இந்தக் கதை எப்படி முடியுதுன்னு கேட்டுட்டு வர்றேன்.'"

படியில் காலடிச் சத்தம் கேட்டது. "அம்மா, எழுதியாச்சா?" என்று மாவுப் பாத்திரத்தோடு மூச்சு வாங்க வந்து நின்றாள் அயோகா.

சினேலோ அந்தக் காகிதக் கட்டை அவசரமாகத் துணிகளுக்கு அடியில் திணித்து, இழுப்பறையை உள்ளே தள்ளினாள்.

"எழுதினாங்க, படிச்சேன். சுத்தமா நல்லாவே இல்லை. நாற்பது வருஷம் ஆனாலும் சரி, நிதானமா யோசிச்சு வேற எழுதுங்கன்னு சொல்லிட்டேன்."