மூன்றாம் முயற்சி

"உங்க பையனை எங்களால… காப்பாத்த முடியலம்மா. அவரு நம்மளை விட்டுப் போயிட்டாரு."

மாணவி சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தாய் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"போயிட்டாரா? எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு? பெத்தவ இப்படித்தான் கேப்பா. இறந்துட்டாருன்னு சொல்லு டாக்டரம்மா. சொன்னா நாக்கு வெந்துடுமா?"

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆம்புலன்ஸின் பின்படியில் உட்கார்ந்து தாயாக நடித்தவள் அந்த வண்டியின் டெக்னீஷியன். பதினாறு வருஷ சர்வீஸ். மருத்துவக் கல்லூரியிலிருந்து இரண்டு வாரப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி, ஊசி போடுவதிலும் எலும்புக்குக் கட்டுப் போடுவதிலும் கெட்டிக்காரி. சாவுச் செய்தி சொல்லும் பாடத்தில்தான் இதோடு இரண்டாவது தடவையாகக் கோட்டை விட்டாள்.

இன்று கடைசி நாள். பயிற்சிப் படிவத்தில் அந்தப் பாடத்துக்கான கட்டத்தில் டெக்னீஷியன் கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டு வாரமும் வீண். மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும்.

"நடிப்புன்னு தெரியுதேக்கா. உங்க முகத்தைப் பாத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துடுது."

"உனக்குச் சிரிப்பு. கேக்கறவளுக்கு உசுரு போகும். பக்கத்துல உக்காரு, கண்ணைப் பாரு, சுத்தி வளைக்காம சொல்லு. சொன்ன கையோட எழுந்து ஓடாதே. உள்ள இருக்கற பெரிய டாக்டருங்க யாரும் இதுக்கு வெளிய வர மாட்டாங்க. சின்னவங்க தலையிலதான் கட்டுவாங்க. இப்பவே பழகிக்க."

"இவகிட்ட மாட்டினா அவ்வளவுதான் பாப்பா" என்றார் டிரைவர். "போன வாரம் மூக்குக் கண்ணாடி கொண்டுவந்து குடுத்தானே இவ பையன், அவனே உன்கிட்ட கேட்டான்ல, எங்கம்மா உங்களையும் திட்டறாங்களான்னு!"

மூவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து அவசரப் பிரிவு வாசலில் நின்றது. அதிலிருந்தவன், "யாராவது கை குடுங்க!" என்று கத்த, மாணவி எழுந்து ஓடினாள்.

"திரும்பி வந்ததும் கடைசித் தடவை! இதுலயும் விட்டா ஃபெயில்!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினாள் டெக்னீஷியன்.

அவள் கூடப் போகவில்லை. முந்தைய நோயாளியின் ரத்தத்தின் மேல் ஊற்றிய கிருமிநாசினி மருந்து வண்டித் தரையில் ஊறிக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த அழைப்புக்குக் கிளம்பக் கூடாது என்பது விதி.

பாதி தேய்க்கும்போது முன்சீட்டில் அவள் போன் அடித்தது.

"உன் பையன் நம்பர்தான்" என்று எட்டிப் பார்த்துச் சொன்னார் டிரைவர்.

"கையெல்லாம் மருந்துண்ணே. சட்டையைக் காணோம், சாவியைக் காணோம்னு உயிரை வாங்குவான். அடிக்கட்டும் விடுங்க."

அது விட்டுவிட்டு நாலைந்து தடவை அடித்து ஓய்ந்தது.

அரை மணி கழித்து மாணவி வந்தாள். முழங்கை வரை கழுவியிருந்த கைகளைத் துடைக்கக்கூட இல்லை. அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டு டூட்டி டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சையை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் டெக்னீஷியன். நனைந்த கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்படியில் வந்து உட்கார்ந்து முகத்தைத் தாயாக்கிக்கொண்டாள்.

மாணவி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பையன் இறந்துட்டான். சைக்கிள்ல வரும்போது பஸ் மோதியிருக்கு. அரை மணி நேரம் மாத்தி மாத்தி நெஞ்சை அமுக்கினோம். மூச்சு திரும்பல."

சிரிக்கவில்லை. பார்வையை விலக்கவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடியே இருந்தது. டெக்னீஷியனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒப்பாரி வைக்க வேண்டியவள் கையைத் தட்டினாள்.

"இப்படிச் சொல்லணும்டி! அக்கான்னு கூப்பிட்டதுதான் தப்பு, அம்மான்னு கூப்பிட்டிருக்கணும். போகட்டும், அதுக்கெல்லாம் குறைக்க மாட்டேன்."

படிவத்தை மடியில் வைத்து, காலியாக இருந்த கட்டத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"இந்தா, பாஸ். கண்ணைத் துடை, போதும்."

மாணவி படிவத்தை வாங்கவில்லை. அதை நீட்டிய கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா… இது பரீட்சை இல்ல."